உம்மம்மா போட்ட நிறம்

கல்முனைக்குடி

அன்பின் மகளுக்கு,

உன் நாவலின் முதல் ஆறு அத்தியாயங்களும் உன் தம்பி கையில் பத்திரமாக வந்து சேர்ந்தன. சுபஹுக்குப் பிறகு தேத்தண்ணியும் கையுமாக வாசலில் குந்தி, லுஹருக்கு முன் வாசித்து முடித்தேன். முப்பத்தைந்து வருடம் சரித்திரம் படிப்பித்தவளிடம் கொடுத்தால் சிவப்புப் பேனை எடுக்காமல் விடமாட்டாள் என்று தெரிந்துதானே அனுப்பினாய். ஆகவே கோபிக்காமல் வாசி.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். இரண்டாம் அத்தியாயத்தில் கரைவலை இழுக்கிற இடம் அச்சொட்டாக வந்திருக்கிறது. மடி கரைக்கு வரும்போது ஆட்கள் பேசுவதை நிறுத்துவார்களே, அதை நீ கவனித்திருக்கிறாய். கண் இருக்கிறது உனக்கு. அந்தக் கண்ணை மூன்றாம் அத்தியாயத்தில் மூடிவிட்டாய் என்பதுதான் என் வழக்கு.

1927ஆம் ஆண்டு, கல்முனையைச் சேர்ந்த பத்தொன்பது வயதுப் பெண் மட்டக்களப்புக் கோட்டைக்குள் இருந்த கச்சேரிக்குப் போய், இரும்புக் கதவில் தன்னைச் சங்கிலியால் பிணைத்துக்கொண்டு, “பெண்களுக்கு வாக்குரிமை கொடு!” என்று கத்துகிறாள். இருபத்தைந்து மைலுக்குக் கிட்ட வரும் அந்தப் பயணத்தை அவள் யாரோடு போனாள், வாப்பாவுக்கு என்ன சொல்லிவிட்டுப் போனாள், சங்கிலியும் பூட்டும் எந்தக் கடையில் வாங்கினாள் என்று ஒரு வரி இல்லை. நான் கேட்கமாட்டேன். ஏனென்றால் அந்தச் சங்கிலி எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். அது லண்டன் சங்கிலி. எம்மலின் பாங்க்ஹர்ஸ்ட் 1903இல் மான்செஸ்டரில் தொடங்கிய சங்கத்தின் பெண்கள் கம்பி வேலிகளில் தங்களைப் பிணைத்தார்கள், கடைக் கண்ணாடிகளை உடைத்தார்கள், சிறையில் சாப்பிடாமல் கிடந்தார்கள். 1913இல் எமிலி டேவிசன் குதிரைப் பந்தயத் திடலில் அரசரின் குதிரைக்கு முன்னால் போய் அடிபட்டு உயிரை விட்டார். பெரிய கதைதான். ஆனால் அது நம்முடைய கதை இல்லை.

இதில் நீ தனியாள் இல்லை, ஆறுதல் பட்டுக்கொள். இலங்கையின் முதல் தமிழ் நாவல் என்று சொல்லப்படும் ‘அசன்பே சரித்திரம்’ 1885இல் வந்தது. எழுதியவர் கண்டிச் சித்திலெப்பை. அவரே கதையைக் கண்டியில் வைக்காமல் கெய்ரோவுக்கல்லவா கொண்டுபோனார்! கதை என்றால் கப்பல் ஏறித்தான் வரவேண்டும் என்ற எண்ணம் நமக்கு அன்றிலிருந்தே இருக்கிறது போல.

இங்கே நடந்ததைச் சொல்கிறேன். 1927 நவம்பரில், அரசியலமைப்புச் சீர்திருத்தம் பற்றி விசாரிக்க டொனமூர் ஆணைக்குழு கொழும்புக்கு வந்தது. நான்கு பேர், நான்கு பேரும் ஆண்கள். அடுத்த மாதமே பெண்கள் வாக்குரிமைச் சங்கம் உண்டாகிவிட்டது. அதன் செயலாளர் ஆக்னஸ் டி சில்வா, கண்டி அரசியல்வாதி ஜோர்ஜ் ஈ. டி சில்வாவின் மனைவி, பறங்கியக் குடும்பத்தில் பிறந்தவர். டெய்சி டயஸ் பண்டாரநாயக்க இருந்தார். கனடாவில் பிறந்து யாழ்ப்பாணத் தமிழரை முடித்த மருத்துவர் மேரி ரட்ணம் இருந்தார். மருத்துவர் நல்லம்மா சத்தியவாகீஸ்வர ஐயர் இருந்தார். சிங்களவர், தமிழர், பறங்கியர் எல்லாரும் உண்டு, பெரும்பாலும் மேட்டுக்குடி. கூட்டம் போட்டார்கள், தீர்மானம் எழுதினார்கள், நல்ல சாரி உடுத்துக்கொண்டு ஆணைக்குழுவின் முன் போய்ச் சாட்சியம் சொன்னார்கள். உடைந்தது ஒரு கண்ணாடியும் இல்லை.

“இதில் எங்க சாச்சி நாவல்?” என்று நீ கேட்பாய். இருக்கிறது. சாட்சியத்தின்போது டொனமூர் பிரபு ஒரு கேள்வி கேட்டார்: தோட்டங்களில் வேலை செய்யும் இந்தியத் தமிழ்ப் பெண்களுக்கும் வாக்கு வேண்டும் என்கிறீர்களா? சிக்க வைக்கிற கேள்வி அது. அந்த நாள் அரசியல்வாதிகளுக்குத் தோட்டத் தொழிலாளர் வாக்கு என்றாலே வயிற்றைக் கலக்கும். படித்த பெண்களுக்கு மட்டும் கிடைத்தால் போதும் என்று எண்ணியவர்கள் அந்தச் சங்கத்துப் பக்கத்திலேயே இருந்தார்கள். ஆக்னஸ் தயங்கவில்லை. நிச்சயமாக வேண்டும், அவர்களும் பெண்கள்தானே என்ற கருத்தில் பதில் சொல்லிவிட்டார். அந்தப் பதிலுக்கும் கேள்விக்கும் இடையில் அறைக்குள் ஒரு நொடி ஓடியிருக்குமே, பக்கத்துக் கதிரையில் இருந்தவளின் கை மடியில் என்ன செய்தது? நாவல் அங்கேதான் இருக்கிறது. இருபது வருடம் கழித்து, 1948இலும் 1949இலும் வந்த சட்டங்கள் அதே தோட்டத்துப் பெண்களின் குடியுரிமையையும் வாக்கையும் பறித்தன. ஆக்னஸின் பதிலை எழுதுகிறவள் அதையும் நெஞ்சில் வைத்துக்கொண்டு எழுத வேண்டும்.

ஆணைக்குழு அறிக்கை 1928 ஜூலையில் வந்தது. ஆணுக்கு இருபத்தொரு வயதில் வாக்கு, பெண்ணுக்கு முப்பதில். வேடிக்கை என்னவென்றால், அதே ஜூலையில்தான் இங்கிலாந்துப் பெண்களுக்கு ஆண்களைப் போல இருபத்தொன்றில் வாக்கு என்று சட்டமாயிற்று. பாங்க்ஹர்ஸ்ட் அம்மையார் அதற்குச் சில வாரங்களுக்கு முன் கண்ணை மூடிவிட்டார். பிறகு இங்கேயும் முப்பதை இருபத்தொன்றாக இறக்கினார்கள். சேர் பொன்னம்பலம் இராமநாதன் சர்வசன வாக்குரிமையை, அதிலும் பெண்களின் வாக்கை, கடைசிவரை எதிர்த்தார். நம் முஸ்லிம் தலைவர்களுக்கு இனவாரி ஆசனம் கைவிட்டுப் போகிறதே என்பதுதான் பெரிய கவலை. சட்ட நிரூபண சபையில் டொனமூர் திட்டம் 19க்கு 17 என்று இரண்டே வாக்கில் தப்பியது. 1931 அரசாங்க சபைத் தேர்தலில் ஆண் பெண் எல்லாரும் வாக்களித்தார்கள். ஆசியாவில் அப்படி முதலில் நடந்தது இங்கேதான். யாழ்ப்பாணத்தில் வாலிபர் காங்கிரஸ் பகிஷ்கரிப்பை அறிவித்து நான்கு தொகுதிகளில் தேர்தலே நடக்கவில்லை. நம் பக்கம் மட்டக்களப்புத் தெற்கு. அம்பாறை மாவட்டம் 1961இல் வந்தது, அதை மறந்து நீ நான்காம் அத்தியாயத்தில் 1931இலேயே “அம்பாறை மாவட்டம்” என்று எழுதியிருக்கிறாய், வெட்டு. இனவாரி ஆசனம் போய்விட்டதே என்று அழுத நேரத்தில், மாணிக்க வர்த்தகக் குடும்பத்தைச் சேர்ந்த மாக்கான் மாக்கார் மட்டக்களப்புத் தெற்கில் வென்று மந்திரியும் ஆனார்.

இனி நம் வீட்டுக்கு வா. உன் கதாநாயகி பேசுகிற வசனத்தில் “சொத்துரிமை இல்லாத எங்களுக்கு” என்று வருகிறது. மகள், எந்த ஊரில் இருந்துகொண்டு எழுதுகிறாய்? இந்தக் கரையில் வீடு யாருடைய பேரில்? உம்மாவின் வீடு மகளுக்கு. மாப்பிள்ளை பெட்டியைத் தூக்கிக்கொண்டு பெண் வீட்டுக்கு வருகிறவன். குடி தாய்வழி. பள்ளிவாசலில் மரைக்காயர் ஆணாக இருந்தாலும் அவர் எந்தக் குடி என்பதை அவருடைய உம்மாதான் தீர்மானிக்கிறா. சீதனத்தில் வளவும் வீடும் வயலும் பெண் பேரில் எழுதப்படும். ஆனால் 1931க்கு முன் வாக்கு இருந்தது யாருக்கு? எழுத்தறிவும் வருமானமோ சொத்தோ உள்ள ஆணுக்கு மட்டும். நாட்டு மக்களில் நூற்றுக்கு நான்கு பேர். வீடு உம்மா பேரில், வாக்கு வாப்பா பேரில். இந்த முரண்பாட்டைக் கையில் வைத்துக்கொண்டு லண்டன்காரியிடம் போய்ச் சங்கிலி கடன் வாங்கியிருக்கிறாயே!

எழுத்தறிவு என்றதும் ஞாபகம் வருகிறது. என் உம்மம்மா, உனக்குப் பூட்டி, அரபெழுத்தில் எழுதிய அரபுத் தமிழ் சரளமாக வாசிப்பா. வெள்ளிக்கிழமை இரவில் குமருகளைச் சுற்றி வைத்துக்கொண்டு மாலைகளும் மசலாக்களும் வாசித்துக் காட்டுவா. தமிழ் எழுத்தில் தன் பேரை எழுதத் தெரியாது. அந்நாள் சட்டம் கேட்டது ஆங்கிலம், சிங்களம், தமிழ் இந்த மூன்றில் ஒன்றில் எழுத வாசிக்கத் தெரிந்திருக்க வேண்டும் என்று. ஆகவே அவ எழுத்தறிவில்லாதவ. உன் கதாநாயகியை மிஷன் பள்ளிக்கு அனுப்பி ஆங்கிலம் படிப்பித்திருக்கிறாய். அவளுக்குப் பக்கத்தில் அரபுத் தமிழ் வாசிக்கிற உம்மம்மா ஒருத்தியை உட்கார்த்திப் பார். நாவல் அந்தப் பக்கம் சாய்ந்துவிடும், நீ தடுத்தாலும்.

அவவுடைய வாக்குக் கதையை நான் கேட்டறிந்த விதத்தைச் சொல்லவேண்டும். 1977 ஜூலைத் தேர்தல். நான் வேலைக்குச் சேர்ந்து கொஞ்ச நாள். பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடம் ஒன்றில் வாக்குச் சாவடிக் கடமை. முக்காடு போட்ட பெண்களின் விரலைப் பார்க்கப் பெண் அலுவலர் வேண்டும் என்று என்னைப் போட்டிருந்தார்கள். மத்தியானம் போல ஒரு மூதாட்டி வந்தா. சாரி முந்தானை முடிச்சை அவிழ்த்து, வெற்றிலைத் துண்டோடு ஒட்டிக்கிடந்த வாக்காளர் அட்டையை எடுத்துத் தந்தா. வாக்குச்சீட்டைக் கையில் கொடுத்ததும் சுற்றுமுற்றும் பார்த்தா.

“மத்தப் பெட்டியெல்லாம் எங்க மகள்? ஒண்டுதான் கிடக்கு?”

“ஒரு பெட்டிதான் பெத்தும்மா. சீட்டில புள்ளடி போட்டுட்டு இதுக்குள்ள போடணும்.”

“அப்ப நிறம்?”

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். தலைமை அலுவலர், கிழவர், அவருக்குத்தான் விளங்கியது. அரசாங்க சபைக் காலத்தில் வேட்பாளருக்கு ஒரு நிறம், ஒவ்வொருவருக்கும் தனித்தனிப் பெட்டி, பிடித்தவரின் நிறப் பெட்டிக்குள் சீட்டைப் போட்டுவிட்டு வர வேண்டியதுதான், இந்தப் பிள்ளைக்கு அது தெரியாது என்றார். எழுத வாசிக்கத் தெரியாத சனம் வாக்களிக்க அதுதான் வழி. மூதாட்டி கூச்சமில்லாமல் சொன்னா: “அது மூத்த மாப்பிளட காலம். அவர் கூட்டிட்டுப் போனார். மறுகா முடிச்சவர் விடல்ல. அவர் மௌத்தாகி இப்பதான் வாறன்.” நாற்பது வருடத்துக்குக் கிட்ட. இடையில் எத்தனை தேர்தல்! சட்டப் புத்தகத்தில் அந்த நாற்பது வருடமும் அவவுக்கு வாக்குரிமை இருந்தது. இதை நீ எங்கும் வாசிக்கமாட்டாய். நான் இடாப்பில் அவ பேருக்கு மேல் கோடு கிழித்தேன், விரலில் மை வைத்தேன். அந்த விரலில் பாக்கு வெட்டிய தழும்பு இருந்தது.

அன்று இரவே உம்மம்மாவிடம் கேட்டேன். “ஓங்கா, நானும் போட்டன்” என்றா, மருதோண்டி போட்டதைச் சொல்வது போல. கரத்தைக்குச் சுற்றிவர வெள்ளைப் புடவையால் திரை கட்டி, உள்ளே பன்பாய் விரித்து ஐந்து பெண்கள். திரை ஓட்டையால் தெருவைப் பார்த்துக்கொண்டு போயிருக்கிறார்கள். உம்மம்மாவுக்கு அதற்கு முன் அந்தத் தெருவைப் பகலில் பார்த்த ஞாபகமே இல்லையாம். விதானையார் பேர் கூப்பிட்டாராம். இன்னாரின் பெண்சாதி என்று கூப்பிடாமல் அவவுடைய பேரையே, ஆண்கள் கூடி நிற்கிற இடத்தில், சத்தமாக. “எனக்கு உடம்பெல்லாம் நடுங்கிப் போச்சி” என்றா. உரிமை கிடைத்த பெருமிதத்தில் நடுக்கம் என்று எழுதிவிடாதே. அன்னிய ஆண் வாயால் தன் பேரைக் கேட்ட வெட்கம் அது. அந்த வெட்கத்துக்குள்ளேயே வேறு ஏதோ ஒன்றும் இருந்தது என்பது என் ஊகம். ஊகத்தை எழுதத்தான் உனக்கு நாவல் இருக்கிறது. என்னால் பாடக்கொப்பியில் எழுத முடியாது.

எந்த வருடம் என்று அவவுக்குத் தெரியவில்லை. “சூடு மிதிக்கிற நேரம், களவெட்டிக்குச் சோறு அனுப்பிப்போட்டுத்தான் கரத்தை ஏறின” என்றா. இதைப் பார் மகள், ஆவணம் இல்லாத இடத்தில் வேளாண்மைதான் ஆவணம். 1931 தேர்தல் நடந்தது ஜூனில். ஜூனில் இங்கே ஏது சூடடிப்பு? 1936 தேர்தல் பெப்ரவரி கடைசியில் தொடங்கி மார்ச் முதல் வாரம்வரை நடந்தது. முன்மாரி வேளாண்மை வெட்டிச் சூடு வைக்கிற காலம் அது. ஆக 1936. அப்போது அவவுக்கு இருபத்துநான்கு வயது, கையில் இரண்டு பிள்ளை. உன் கதையில் 1931 ஜூனில் பெண்கள் சூடு மிதிக்கும் களத்துக்குச் சோறு கொண்டுபோகிறார்கள். கொழும்புக்காரன் வாசித்தால் மன்னிப்பான், நிந்தவூர்ப் போடியார் வாசித்தால் புத்தகத்தை மூடிவிடுவார்.

மூத்தாப்பா போகும்போது நிறம் சொல்லி அனுப்பியிருக்கிறார். எந்த நிறம் என்று கேட்டேன். அதைச் சொன்னா. நீங்கள் அதைத்தான் போட்டீர்களா என்று கேட்டேன். உம்மம்மா வெற்றிலையை மடித்து வாயில் வைத்துக்கொண்டு, “அது மறைவான விசயம் எண்டுதானே தொரை சொன்னவர்” என்றா. மூத்தாப்பாவும் அன்று இரவு கேட்டாராம். அவருக்கும் அதே பதில்தான். 1989இல் மௌத்தாகும் வரைக்கும் நான் எத்தனையோ தடவை கிண்டிப் பார்த்திருக்கிறேன். சொல்லவே இல்லை.

உன் ஐந்தாம் அத்தியாயத்தில் கதாநாயகி “ஆணாதிக்கச் சமூகம்” என்கிறாள், “அடையாளம்” என்கிறாள். பல்கலைக்கழகத்தில் நீ படித்த சொற்கள், நல்ல சொற்கள்தான், 1936இல் கரத்தைக்குள் இருந்தவளின் வாயில் கொண்டுபோய்த் திணிக்காதே. “மறைவான விசயம்” என்ற இரண்டு சொல் அவளுக்குப் போதுமாயிருந்தது.

ஆறாம் அத்தியாயம் முடிகிற விதத்தைப் பார்த்தால், கதாநாயகியை நீ தேர்தலில் நிறுத்தி வெல்ல வைக்கப் போகிறாய் என்று நினைக்கிறேன், வாடை வருகிறது. யோசித்துச் செய். இந்த நாட்டில் பெண் சபைக்குள் போன வாசல் எது என்று பார். 1931 நவம்பரில் ருவன்வெல்லையில் அடலின் மொலமூரே வென்றார், தகப்பனார் மறைந்து காலியான ஆசனம். அடுத்த வருடம் நேசம் சரவணமுத்து கொழும்பு வடக்கில், கணவர் பதவி இழந்த இடம். சிறிமாவோ 1960இல், கணவர் சுடப்பட்ட பிறகு. நம் ஊருக்கே வா: 2000 செப்டம்பர் 16இல் நம் தலைவர் அஷ்ரப் அவர்கள் ஹெலிகொப்டர் விபத்தில் ஷஹீதானார்கள், ஒக்டோபர் 10இல் தேர்தல், அவருடைய மனைவி பேரியல் அஷ்ரப் திகாமடுல்லையில் வென்று பாராளுமன்றம் போனார். மையத்து வீட்டு வாசலால்தான் பெரும்பாலும் போயிருக்கிறார்கள். போன பிறகு செய்த வேலை வேறு பேச்சு, அதைக் குறைத்துச் சொல்லமாட்டேன். கேரளத்திலிருந்து வந்து கொழும்பு முஸ்லிம் மகளிர் கல்லூரியின் முதல் அதிபராயிருந்த ஆயிஷா றவூப் அப்படி யாருடைய கதிரைக்கும் வரவில்லை. தானாக நின்று மாநகர சபைக்குப் போய்ப் பிரதி மேயரும் ஆனார். அவரைப் பற்றி யாராவது நாவல் எழுதினால் நான் காசு கொடுத்து வாங்குவேன்.

2018இல் உள்ளூராட்சி சபைகளில் நாலிலொரு பங்கு பெண்களுக்கு என்று வந்ததே, அப்போது ஒரு கட்சிக்காரர் நம் வீட்டு வாசலுக்கும் வந்தார். “டீச்சர், உங்கட பேரையும் ஐடி கொப்பியையும் மட்டும் தாங்க, மேலதிகப் பட்டியல்ல போடுறம். நீங்க வெளிய வரவே தேவல்ல, மத்ததெல்லாம் நாங்க பாத்துக்குறம்” என்றார். தேத்தண்ணி கொடுத்து அனுப்பிவிட்டேன். அவர் போன பிறகுதான் எனக்குக் கோபம் வந்தது, அதுவும் அவர் மேல் பாதிதான். ஏன் நான் “சரி, நான் வெளியே வருகிறேன், தெருத் தெருவாகப் பேசுகிறேன், போடுவீர்களா?” என்று கேட்கவில்லை? இன்றுவரை அதற்கு என்னிடம் நல்ல பதில் இல்லை. உன் கதாநாயகிக்கும் இப்படிப் பதிலில்லாத இடம் ஒன்று இருந்தால் எனக்கு அவளைப் பிடிக்கும். இப்போது அவள் எல்லாக் கேள்விக்கும் கையோடு பதில் வைத்திருக்கிறாள்.

இன்னொன்று, இதை வைத்து நீ நாவலை நீட்டலாம். 1931இல் வாக்களித்தவளின் மகளுக்கு இருபது வருடம் கழித்து நிகாஹ் நடக்கிறது என்று வை. 1951இல் வந்த முஸ்லிம் விவாகச் சட்டப்படி பதிவில் மாப்பிள்ளை ஒப்பம் வைப்பான், வலி ஒப்பம் வைப்பார். பெண்ணின் ஒப்பத்துக்கு இடம் விடப்படவில்லை. சபைக்கு யார் போவது என்று தீர்மானிக்கப் பெட்டிக்குள் சீட்டுப் போட்டவளின் மகள் அவள். என் நிகாஹுக்கும் அப்படித்தான். நான் உள்ளறையில் இருந்தேன், வெளியே ஆண்கள் எழுதினார்கள். அந்த வயதில் எனக்கு அது உறைக்கவுமில்லை.

சங்கிலியை எடுத்துவிடு. கச்சேரிக் கதவையும் எடுத்துவிடு. பெண்கள் வாக்குரிமைச் சங்கத்தின் கூட்டத்தில் கல்முனைப் பெண்ணைக் கொண்டுபோய் உட்கார்த்தவும் வேண்டாம். திரை கட்டிய அந்தக் கரத்தையில் ஏற்று, அவ்வளவு போதும். கரத்தை எவ்வளவு மெதுவாகப் போகும் என்பதை மறந்துவிடாதே. ஒரு அத்தியாயம் முழுக்க அதற்குள்ளேயே இருக்கலாம்.

வாற ஹஜ் பெருநாளுக்கு வருவாய்தானே. உம்மம்மாவின் சீதன உறுதி என் அலுமாரியில் இருக்கிறது. சுனாமித் தண்ணியில் ஊறி, வெயிலில் காயவைத்து எடுத்தது. அடியில் ஊதா மையில் அவவுடைய பெருவிரல் அடையாளம். அதற்குக் கீழே, நொத்தாரிசு கண்டுகொண்டாரோ இல்லையோ, பென்சிலால் அரபெழுத்தில் மெல்லிசாக ஏதோ எழுதிக்கிடக்கிறது. என் கண்ணுக்குப் பிடிபடவில்லை. நீ வரும்போது ஒரு பூதக்கண்ணாடி கொண்டு வா.

உம்மாவுக்கும் வாப்பாவுக்கும் ஸலாம் சொல்லு.

இப்படிக்கு,
சாச்சி